பக்கத்து வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிட்டார்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து ஓரம் தேய்க்கும்போது அவருடைய வாய் அசைந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இடையிலுள்ள சின்னத் திறப்பு வழியாக அதைப் பார்த்துவிட்டு, மனிதர் யாரோடோ மனதுக்குள் சண்டை போடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அது வசனம். அதுவும் அவருடைய வசனமல்ல. நேற்று ஒத்திகைக்கு வராத யாரோ ஒருவருடையது.

"லென்ஸ் உடைஞ்சா அந்த டயலாக்கையே ஃபிரேம்ல மாட்டிக் குடுப்பீங்களா?" என்று முதலாளி எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"உடையாது சார்," என்பார் கண்ணாடிக்காரர். உடைந்ததும் இல்லை. கை தன் வேலையைச் செய்யும். வாய் இன்னொருவரின் வேலையைச் செய்யும்.

டியூஷன் வாத்தியார் ஒருவர் நடத்திவந்த நாடகக் குழுவில் அவர் பல வருடங்களாக இருந்தார். வாத்தியாருடைய மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக் கொடுத்த அறிமுகத்தில், ஒத்திகை எப்படித்தான் இருக்கும் என்று வேடிக்கை பார்க்கப் போனவர். அன்றைக்கு யாரோ ஒரு நடிகர் வரவில்லை. "சார், சும்மாதானே உக்காந்திருக்கீங்க, அவர் இடத்துல கொஞ்சம் நில்லுங்க," என்றார் வாத்தியார். நின்றார். அதற்குப் பிறகு உட்காரவே இல்லை.

குழுவில் அதற்கு 'நிற்பது' என்றே பெயர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. யார் வரவில்லையோ அவருக்காகக் கண்ணாடிக்காரர் நிற்பார். மகன் வரவில்லையென்றால் மகன், நீதிபதி வரவில்லையென்றால் நீதிபதி. ஒரு வருடம் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக நின்று அவர் போட்ட சத்தத்தில், கீழே வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த ஒருவர் பதறிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டார். ஒத்திகை நடந்தது டிரைவிங் ஸ்கூலின் மாடி அறையில்தான். சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். மூலையில் உள்ளே தெரியும்படி அறுத்து வைத்த ஒரு கியர் பெட்டி. காதலர்கள் 'முந்தாதே' என்ற பலகைக்குக் கீழே நின்று கண்கலங்குவார்கள்.

சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டு இல்லையோ அந்த இடத்தில் செருகிக்கொள்ளலாமே, அதை வைத்து யாரோ அவருக்கு 'ஜோக்கர்' என்று பெயர் வைத்தார்கள். மரியாதை குறையக் கூடாது என்று 'ஜோக்கர் சார்' ஆக்கினார்கள். மரியாதை கூடியதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அவரோ நகைச்சுவையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்.

நாடகம் மேடை ஏறும் நாளில் எல்லோரும் தவறாமல் வந்துவிடுவார்கள். அன்று அவருக்கு வேலை இருக்காது. ஓரத் திரைக்குப் பின்னால் நின்று, எல்லோருடைய வசனத்தையும் உதட்டால் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவரை அவர் செய்யும் காரியத்தை வைத்து அறிகிறோம். பிறர் செய்யத் தவறியதை மட்டுமே செய்துவந்த ஒருவரை எதை வைத்து அறிவது? மேடையில் வெளிச்சம் விழும்போது அவரிடமிருந்து ஒவ்வொரு பாத்திரமாக உரியவர்களிடம் திரும்பிப் போய்விடும். மிச்சம் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் கடைசியில் அவரை வாய் திறக்க வைத்தது.

வாத்தியார் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்துகொள்ள வந்திருந்த ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"வாத்தியாரே, இந்தத் தடவ எனக்கு ஒரு வேஷம் வேணும்."

"வேஷமா? உங்களுக்கா? உங்களுக்குத்தான் எல்லா வேஷமும் இருக்கே சார்."

"எல்லாம் இருக்கு. ஒண்ணும் இல்ல."

வாத்தியாருக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பவரின் முகம் சரியாகத் தெரியாது. அதனாலோ என்னவோ உடனே மறுக்காமல் கொஞ்சம் யோசித்தார். "சரி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். ஒரே சீன். ஆனா நாடகமே அதுல நிக்குது. எடுத்துக்கறீங்களா?"

நாடகம் இதுதான். அப்பா இறந்துபோய்விட்டார். வீட்டை விற்றுவிட வேண்டும் என்கிறான் அண்ணன். கூடாது என்கிறாள் தங்கை. வாய்ச்சண்டை முற்றி, அண்ணன் வாசலைக் காட்டி 'வெளியே போ' என்று கத்துகிற கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். அப்பாவிடம் வாங்கிப்போன ஏணி. திருப்பிக் கொடுக்க வந்தவர், "கடைசியா என்னோட பேசினப்ப உங்களைப் பத்திதான் பேசினார் தம்பி," என்கிறார். அண்ணன், "என்ன சொன்னார்?" என்று கேட்கிறான். "அவன் வீட்டை வித்துடுவான். விக்கட்டும். ஆனா தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விக்கட்டும்னு சொன்னார்." "என்னைத் திட்டலையா?" "திட்டியிருந்தா நான் சொல்ல வந்திருக்க மாட்டேன்." அண்ணன் ஏணியைத் தொட்டுப் பார்க்கிறான். பிறகு, "ஏணியை உள்ள வச்சிடுங்க," என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் போய்விடுகிறார். அண்ணன் திரும்பித் தங்கையிடம், "நீ சொல்லும்மா. வித்துடலாமா?" என்று கேட்கிறான். சண்டை அதோடு தீர்கிறது.

பெரிய நாடகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் பழுதில்லாமல் எழுதப்பட்டிருந்தது.

கண்ணாடிக்காரரின் மனைவி ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர். செய்தியைக் கேட்டதும், "நிஜமாவா?" என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உங்க நாடகத்துக்கு நான் வந்திருக்கேனா? வந்து எங்க பாக்கறது உங்களை? திரையைத் தூக்கியா?"

"இந்தத் தடவ தூக்க வேண்டாம். வா."

"சனிக்கிழமை டியூட்டியை மாத்தி வாங்கிக்கறேன். என் தம்பியையும் இழுத்துட்டு வரேன். மாமா சும்மா எங்கயோ போய் அரட்டை அடிக்கறார்னு அவனுக்கு ஒரு நெனப்பு."

மனைவி மேடையில்தான் முதலில் கேட்க வேண்டும் என்று, அந்த வசனத்தை அவர் வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிரச்சினை அண்ணனால் வந்தது. அண்ணனாக நடித்தவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஆள் பார்க்க நன்றாக இருப்பார். குரலும் கணீரென்று இருக்கும். அவர் நடித்தால் அரங்கில் பாதி அவருடைய வாடிக்கையாளர்களாகவே இருப்பார்கள். ஒத்திகைக்கு மட்டும் வர மாட்டார். ஆகவே கண்ணாடிக்காரர் அண்ணனாக நின்றார். முதல் ஒத்திகையிலேயே முட்டுச்சந்து வந்துவிட்டது. அண்ணன் கத்தி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டும். வர வேண்டியவரோ அண்ணனாக நடுவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.

"இப்ப நான் வரணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க வந்தா அண்ணன் யாரு?" என்றார் வாத்தியார்.

"நான்தான்."

"அப்ப எப்படி வருவீங்க?"

தங்கையாக நடித்தவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து நேராக வருபவர். மறுபடியும் கிளினிக்குக்கு ஓட வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "வாத்தியாரே, அவரோட பாகம் அவருக்கு மனப்பாடம். தாண்டிடலாம். இந்தாங்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிட்டார். ம், மேல சொல்லுங்க சார்," என்றார்.

கண்ணாடிக்காரர் குரலைத் தணித்து, அண்ணனாக, "நீ சொல்லும்மா. வித்துடலாமா?" என்று கேட்டார்.

வேறு வழியில்லாததால் அன்று செய்தது அது. வேறு வழி இருக்கிறதா என்று அதற்கு மேல் யாரும் யோசிக்காததால் அது வழக்கமாயிற்று. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வந்ததும் டாக்டர், 'பக்கத்து வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிட்டார்' என்று ஒரே மூச்சில் சொல்வார். நாடகம் மேலே போகும். மேடை ஏறும் நாள் நெருங்க நெருங்க அந்த வரிக்கு ஒரு ராகம்கூட வந்துவிட்டது.

ஏஜெண்ட் வருகிற நாளில் சரியாகிவிடும் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். ஏஜெண்ட் வந்தார். அபூர்வமாக வந்திருக்கிறார் என்பதால், அவர் தனியாக அழும் காட்சி, அவர் தனியாகக் கோபப்படும் காட்சி, அவர் தனியாக ஜன்னலைப் பார்க்கும் காட்சி என்று எல்லாவற்றையும் வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

"வாத்தியாரே, எங்க ரெண்டு பேரோட சீன்?"

"சார், உங்களை நம்பலாம். அவரை நம்ப முடியாதே. இருக்கற நேரத்துல நம்ப முடியாதவரைத் தேத்திடறேன்."

"என்னை நம்பலாம்ங்கறதுக்குத் தண்டனையா?"

"பாத்தீங்களா, இப்படி நல்லா பேசறீங்க. மேடையில கலக்கிடுவீங்க," என்று சொல்லிவிட்டு வாத்தியார் ஜன்னல் காட்சிக்குப் போய்விட்டார்.

ஏஜெண்ட் இல்லாத நாளில் அவர்தான் ஏஜெண்ட். ஏஜெண்ட் இருக்கிற நாளில் அவருக்கு நேரமில்லை. இரண்டு பக்கமும் கதவு திறந்தே இருந்தது. ஆனால் நுழைய முடியவில்லை. யார் மீது கோபப்படுவது என்பதுகூடத் தெளிவாக இல்லை. எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். ஒருவன் தனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைச் சுட்டிக்காட்ட முடியாமல் போவது, அதைச் சேர்ந்து செய்த ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கும்போதுதான்.

சனிக்கிழமை வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. கண்ணாடிக்காரர் கசங்கிய சட்டையும் தோளில் ஏணியுமாக ஓரத் திரைக்குப் பின்னால் வெகு நேரம் முன்பே வந்து நின்றுவிட்டார். ஏணி கடையிலிருந்து கொண்டுவந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருக்கும் ஃபிரேம்களை எடுக்கப் பயன்படுவது. திரை விளிம்பில் இருந்த இடைவெளி வழியாகப் பார்த்தால் மனைவி தெரிந்தார். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மச்சான், நாற்காலியில் பாதி வழிந்தபடி.

மேடையில் அண்ணன் கத்தினான். தங்கை பதிலுக்குக் கத்தினாள். அண்ணன் வாசலைக் காட்டி, "வெளியே போ!" என்றான். கண்ணாடிக்காரர் ஏணியை நிமிர்த்திப் பிடித்து வலது காலை எடுத்து வைத்தார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெளிவான, கடைசி வரிசை வரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"பக்கத்து வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிட்டார்."

ஏஜெண்ட் தலையைக் குனிந்தார். குரலைத் தணித்தார். "நீ சொல்லும்மா. வித்துடலாமா?"

எடுத்து வைத்த கால் அப்படியே நின்றது. உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வந்துவிட்டுப் போய்விட்டவர் மறுபடி எப்படி வருவது? எதற்கு வருவது? ஏணியோடு திரும்பினார். அதன் பின்முனை திரைச்சீலையில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துக்கொண்டிருந்தபோது அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சியில் அண்ணன் அந்த ஏணியில் ஏறி அப்பாவின் பெயர்ப் பலகையைத் துடைக்க வேண்டும். ஏணி இல்லை என்பதால் ஏஜெண்ட் ஒரு நாற்காலியில் ஏறித் துடைத்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒப்பனை அறையில் டாக்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ சார்! நாக்கு அதுவா போயிடுச்சு. சொன்னதுக்கப்புறம்தான் சொல்லிட்டோம்னு தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அழுததைப் பாத்தேன். நல்லா இருந்துது," என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கு வாய்த்த ஒரே குத்தல் அது; அதுவும் யாருக்கும் உறைக்கவில்லை.

ஏஜெண்ட் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்ன சார் ஆச்சு? சீன் ஏதாவது விட்டுப்போச்சா?"

"என் சீன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்தவர் அவர். ஆனால் வாத்தியார் பதிவுசெய்து அனுப்பியதைக் கேட்டு அவர் மனப்பாடம் செய்தது ஒத்திகையில் நடந்த நாடகத்தை.

வாத்தியார் கண்ணாடிக்காரரின் தோளில் கை வைத்தார். "தப்புதான். நாளைக்குச் சரி பண்ணிடலாம். ஆனா ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? ஓட்டம் நல்லா இருந்துது சார். தொய்வே இல்ல."

வீட்டுக்கு நடந்து போகும்போது மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். "மாமா, நடிப்புன்னா அது நடிப்பு. வந்ததும் தெரியல, போனதும் தெரியல."

"வாயை மூடுடா," என்றார் மனைவி. பிறகு கணவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நடுவுல ஒரு தடவ கண்ணாடியைத் துடைச்சேங்க. அப்பவா வந்தீங்க?"

"வரலை."

"வந்துட்டுப் போயிட்டார்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே?"

அவர் நடந்ததைச் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே வந்தார். "அப்ப நீங்க வந்து சொல்லித்தான் அவன் மனசு மாறணுமா?"

"ஆமா."

"எனக்கு அப்படித் தோணலையேங்க. அண்ணன் தங்கச்சின்னா அப்படித்தான், கத்துவாங்க, அப்புறம் சேந்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

வேண்டுமென்று சொன்னதல்ல. ஆனால் அந்த இரவு அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஏஜெண்டோ டாக்டரோ அல்ல, இந்த வார்த்தைதான். காரணத்தை எடுத்துவிட்ட பிறகும் காரியம் நடந்துவிட்டது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தைத் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். அப்படியானால் நாடகமே தன் காட்சியில்தான் நிற்கிறது என்று வாத்தியார் சொன்னது? அதுவும் ஒரு பேச்சுதானா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது நிகழ்ச்சி. மத்தியானமே எல்லோரும் அரங்கத்துக்கு வந்து அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. கண்ணாடிக்காரர் வந்தார். டாக்டர் வந்தார். ஏஜெண்ட் வரவில்லை, வழியில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வருவதாகத் தகவல் வந்தது.

"அவர் வர்ற வரைக்கும் விளக்கைப் பாத்துடலாம்," என்றார் வாத்தியார். "ஜோக்கர் சார், அந்த நடு இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நேத்து அண்ணன் முகத்துல நிழல் விழுந்துது."

அவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்வதற்குள் கால்கள் போய் நடுவில் நின்றுவிட்டன. மேலிருந்து வெளிச்சம் விழுந்தது. முகத்தை இப்படித் திருப்புங்க, அப்படித் திருப்புங்க என்றார்கள். வசனம் சொல்லிக்கொண்டே நடங்க என்றார்கள். நடந்தார். ஏஜெண்ட் வந்து சேர்ந்தபோது அரங்கத்தின் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் யாரோ தோளிலிருந்த குழந்தையை இறக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

அன்று டாக்டர் உஷாராக இருந்தார். "வெளியே போ!" என்று அண்ணன் கத்தியதும் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்தார். கண்ணாடிக்காரர் ஏணியோடு உள்ளே வந்தார்.

அவருடைய நடிப்பு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மோசமில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அது சரியாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டது உண்மையாகவே நன்றாக இருந்தது. "ஏணியைக் குடுக்க வந்தேன். உங்கப்பா இருக்கும்போதே குடுத்திருக்கணும்," என்றார். "கடைசியா என்னோட பேசினப்ப உங்களைப் பத்திதான் பேசினார் தம்பி," என்றார். நிறுத்தினார்.

ஏஜெண்ட் அவரைப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பது ஏஜெண்டின் முகத்தில் தெரிந்தது. எந்தக் கேள்வி என்பது தெரியவில்லை. கண்கள் மெல்ல விரிந்தன. அரங்கம் காத்திருந்தது.

யாருடைய வசனம் நின்றாலும் எடுத்துக் கொடுத்துப் பழகிய வாய் அது. கண்ணாடிக்காரர் தலையை ஏஜெண்ட் சாய்ப்பது போலவே சற்றுச் சாய்த்து, ஏஜெண்டின் அதே கணீர்க் குரலில், "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். இனிப் பதிலையும் அவரே சொல்லியாக வேண்டும். தன் குரலுக்குத் திரும்பி, "அவன் வீட்டை வித்துடுவான், விக்கட்டும்..." என்று சொல்லி முடித்தார். முன்வரிசையில் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. ஏஜெண்ட் இதுதான் ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டார். அடுத்த கேள்விக்கும் அவர் வாய் திறக்கவில்லை. தடுக்கத் தடுக்கக் கண்ணாடிக்காரரின் தலை மறுபடி சாய்ந்தது. "என்னைத் திட்டலையா?" தலை நிமிர்ந்தது. "திட்டியிருந்தா நான் சொல்ல வந்திருக்க மாட்டேன்." தலை சாய்ந்தது. "ஏணியை உள்ள வச்சிடுங்க." அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரே உள்ளே போனார்.

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. அந்த நாடகத்தில் சிரிப்பு வந்த ஒரே இடம் அது. சிரிப்பு முடிந்து கைதட்டல் வந்தது. இறந்துபோன ஒருவரின் கடைசி வார்த்தைகளுக்கு.

"சார்! எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இதையெல்லாம்?" என்று வாத்தியார் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தானே கேட்டுத் தானே பதில் சொல்ற ஆளு! எல்லாத் தெருவுலயும் ஒருத்தர் இருப்பாரே! இனிமே இதையே வச்சுக்கலாம். ஏஜெண்டுக்கு அந்த சீன்ல பேச்சே வேண்டாம்."

"எனக்கும் சௌகரியம்," என்றார் ஏஜெண்ட்.

கண்ணாடிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் அதை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று டியூட்டி என்பதால் மனைவி நாடகத்துக்கு வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். "சிரிச்சாங்க," என்றார்.

அடுத்த வாரம் மனைவி தன் மருத்துவமனை ஊழியர் சங்கத்தின் செயலாளரை அவரே போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் மருத்துவமனைக் கூடத்தில் அந்த நாடகத்தைப் போடுவது என்று ஏற்பாடாயிற்று. "சேதி கேட்டு லேப்ல எல்லாரும் வராங்க," என்று கணவரிடம் சொன்னார். "இந்தத் தடவ நான் கண்ணாடியையே கழட்ட மாட்டேன்."

கண்ணாடிக்காரர் வாத்தியாரிடம் போனார். சிரிக்க வைக்கிற மாதிரி செய்ய மாட்டேன் என்றார். எழுதினபடிதான் செய்வேன் என்றார்.

"நீங்க எழுதினபடி செய்வீங்க. ஏஜெண்ட்?"

"அவருக்கு மூணே வரி."

"மறுபடியும் முழிச்சார்னா?"

"முழிக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்ப சீனே செத்துடும். அதுக்கு அதைத் தூக்கிடறது மேல். இங்க பாருங்க, நீங்களே அவரைப் புடிச்சு அந்த மூணு வரியை வாங்கிடுங்க. வாங்கிட்டா எழுதினபடி. இல்லன்னா சிரிப்பு. அதுவும் வேண்டாம்னா சீன் கிடையாது." பள்ளிக்கூடக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் எதையும் மூன்றாகப் பிரித்துவிடுவார்.

ஆகவே ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கண்ணாடிக்காரர் ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. மேஜைமேல் இரண்டு தொலைபேசிகள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"வாங்க ஜோக்கர் சார்! கடைசியில பாலிசி எடுக்க வந்துட்டீங்க!"

"மூணு வரி. சொல்லிட்டீங்கன்னா போயிடுவேன்."

"இப்பவா? இவங்க காத்திருக்காங்களே."

"நாங்க இருக்கோம், நீங்க பாருங்க," என்றார் அந்தக் கணவர். வேடிக்கை ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரலைத் தயார் செய்துகொள்ளாமல் சாதாரணமாகவே ஆரம்பித்தார். "ஏணியைக் குடுக்க வந்தேன். உங்கப்பா இருக்கும்போதே குடுத்திருக்கணும். கடைசியா என்னோட பேசினப்ப உங்களைப் பத்திதான் பேசினார் தம்பி."

தொலைபேசி அடித்தது. ஏஜெண்ட் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பேசி முடித்தார். "ம், சொல்லுங்க." மறுபடி முதலிலிருந்து. "...உங்களைப் பத்திதான் பேசினார் தம்பி." இரண்டாவது தொலைபேசி அடித்தது. மறுபடி விரல். மறுபடி ஏணி. இந்த முறை தொலைபேசி அடிக்கவில்லை. ஏஜெண்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க எனக்கு என்ன வரும் சார்?"

வசனம் கண்ணாடிக்காரரின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தலை சாயப் பார்த்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "யோசிங்க."

"சொல்லிடுங்களேன். ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா வந்துடும்."

"மாட்டேன்."

"என்ன சார் இது, சின்னப் புள்ளைங்க மாதிரி!"

ஏஜெண்டுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கண்ணாடிக்காரருக்கும்தான். இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெஞ்சிலிருந்த அந்த அம்மாள் மெல்ல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏங்க, தப்பா நெனைக்காதீங்க," என்றார். "அவங்கப்பா என்னதாங்க சொன்னாரு?"

"நமக்கு எதுக்கு அது?" என்று அவர் கணவர் முழங்கையால் இடித்தார்.

"இருங்க. எவ்வளவு நேரமா சொல்ல வராரு, யாராவது கேக்கறாங்களா?"

கண்ணாடிக்காரர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "அவன் வீட்டை வித்துடுவான், விக்கட்டும்னு சொன்னார்மா," என்றார். "ஆனா தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விக்கட்டும்னு சொன்னார்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு வீட்டை நினைத்துக்கொண்டவர் போலத் தரையைப் பார்த்தார். அவர் கணவர் இடிப்பதை நிறுத்திக்கொண்டார். நடிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. மேஜையும் தொலைபேசிகளும் நடுவில் இருந்தன. வெளிச்சம்கூட முகத்தில் சரியாக விழவில்லை. ஆனாலும் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்றால் என்ன என்று கண்ணாடிக்காரருக்கு அப்போது தெரிந்தது. எடுத்துக் கொடுப்பதிலிருந்து அது எவ்வளவு வேறாக இருந்தது என்பதும்.

சாப்பாட்டு இடைவேளை முடியப்போகிறது. முதலாளி இந்நேரம் திறப்பு வழியாக எட்டிப் பார்த்திருப்பார். கண்ணாடிக்காரர் நாற்காலியை மறுபடி ஏஜெண்டின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அந்த அம்மா எப்படிக் கேட்டாங்கன்னு பாத்தீங்கல்ல? இப்ப நீங்க கேளுங்க."

"அவங்க சும்மா தெரிஞ்சிக்கணும்னு கேட்டாங்க சார்," என்றார் ஏஜெண்ட்.

"அதேதான்," என்று சொல்லிவிட்டு, அவர் ஏணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.